அம்புலன்ஸில் அறபாவுக்குப் போனவர்

இந்த முறை ஹஜ் குழுவோடு போகிற தாதிப் பிள்ளைகள் மூன்று பேரும் போன கிழமை வீட்டுக்கு வந்திருந்தீர்கள். என்னென்ன மருந்து கொண்டுபோவது, சீனி வருத்தக்காரரின் இன்சுலினை அந்தச் சூட்டில் எப்படி வைத்திருப்பது, நடந்து நடந்து வெடிக்கிற குதிக்காலுக்கு என்ன போடுவது என்றெல்லாம் கேட்டீர்கள். தெரிந்ததைச் சொன்னேன். நீங்கள் படலையைத் தாண்டிப் போன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டிய கதை ஒன்று மிச்சம் இருக்கிறது என்று பட்டது. அதை நின்ற நிலையில் சொல்லி முடிக்க ஏலாது. அதனால் எழுதுகிறேன்.

நான் மன்னார் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்த்த காலம் முழுக்க எல்லாருக்கும் மிஸிதான். ஓய்வு பெற்று, மன்னார்த் தீவிலேயே தாராபுரத்தில் வீட்டோடு இருந்தபோதுதான் எங்கள் பக்கத்து ஹஜ் குழு, பெண்களைப் பார்த்துக்கொள்ள ஒரு தாதி வேண்டும் என்று என்னைக் கேட்டது. அதற்குப் பிறகு பல தடவை போய் வந்துவிட்டேன். உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், கஃபாவை முதல் தடவை கண்டபோது எப்படி நடக்க மறந்து நின்றேனோ, கடைசித் தடவையும் அப்படித்தான் நின்றேன். அது பழகிப்போகிற காட்சி இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை. காதர் நானாவையும் நபீசா லாத்தாவையும் பற்றி.

அதற்கு முதல் இன்னொன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் நோயாளர் விடுதிக்குப் பொறுப்பாக ஒரு சிஸ்டர் இருந்தா. கத்தோலிக்கப் பெண். அதிகம் பேசமாட்டா. பேசாலையில் இருந்து வந்த ஒரு கர்ப்பிணிக்கு அவசரமாக ஒப்பரேசன் செய்ய வேண்டி வந்தது. அந்தப் பிள்ளை "வேண்டாம், வேண்டாம்" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். டொக்டர் ஏசினார், தாய் அழுதா, நாங்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னோம். சிஸ்டர் வந்து கட்டில் ஓரத்தில் குந்தி, "எது வேண்டாம் மகள்?" என்று கேட்டா. கழுத்தில் கிடந்த செபமாலையைக் கழற்றச் சொன்னதுதான் அந்தப் பிள்ளைக்கு வேண்டாமாம். ஒப்பரேசனைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை. சிஸ்டர் மாலையைக் கழற்றித் தாயின் கையில் கொடுத்து, தியேட்டர் வாசலில் நின்று அதை உருட்டிச் செபம் சொல்லிக்கொண்டிருக்கச் சொன்னா. பிள்ளை தானாகவே ட்ரொலியில் ஏறிப் படுத்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியை நான் என் வேலைக் காலம் முழுக்கக் கடன் வாங்கிப் பாவித்திருக்கிறேன்.

இனிக் காதர் நானா.

அவர் கடல் தொழிலாளி. தாராபுரத்தில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்திலும் கடலை விடவில்லை. ஊருக்குத் திரும்பி வந்ததும் முதல் வேலையாக வள்ளத்தைத்தான் தேடினார். வயது போனபிறகு வள்ளத்தை மகன் றிஸ்வானிடம் கொடுத்துவிட்டு, மனைவி நபீசா லாத்தாவோடு ஹஜ்ஜுக்கு எழுதிக் கொடுத்தார். பெயர் வந்த நாளில் இருந்து இரண்டு பேரும் விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு மன்னார் டவுன் பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள். மக்காவில் நிறைய நடக்க வேண்டும் என்று நான்தான் ஹஜ் போகிறவர்களுக்கான வகுப்பில் சொல்லியிருந்தேன். அந்த நேரத்தில் றோட்டில் இவர்களும் கழுதைகளும்தான். காதர் நானா முன்னால் கையை வீசிக்கொண்டு போவார், லாத்தா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடுவா. கண்ட ஆட்கள் பகிடி பண்ணினார்கள். அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லாத்தாவுக்கு எழுத்து வாசிப்பு குறைவு. புது இடம் என்றால் பயம். மன்னார் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வழி மாறி நிற்கிற ஆள். மக்காவில் கஃபா இருக்கிற ஹரம் பள்ளியின் வாசலில், அந்தச் சனத்துக்குள், நானா உடுத்தியிருந்த வெள்ளை இஹ்ராம் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தா. ஹஜ்ஜுக்கு முதல் செய்கிற உம்றாவை அப்படித்தான் முடித்தார்கள். கஃபாவைச் சுற்றி முடித்துவிட்டு வந்து லாத்தா என் தோளில் முகத்தை வைத்து அழுதா. "மிஸி, இவ்வளவு கிட்டவா? இவ்வளவு கிட்டவா விடுறாங்கள்?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னா.

ஹஜ்ஜுடைய நாட்கள் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், பின்நேர அஸர் தொழுகை முடிந்து ஹொட்டேலுக்குத் திரும்பிய காதர் நானா லிஃப்ட் வாசலில் அப்படியே குந்திவிட்டார். முகம் சாம்பல் நிறம். சட்டை தோய்ந்து போயிருந்தது. பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அம்புலன்ஸ் உடனே வந்தது. மாரடைப்பு. அங்குள்ள ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்து, ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஹஜ் என்றால் அறபா வெளியில் நிற்பதுதான். மற்றவற்றில் விடுபட்டால் பிறகு செய்யவோ ஈடு கட்டவோ வழி இருக்கிறது. அந்த ஒரு நாளில் அந்த வெளியில் நிற்கத் தவறினால் அந்த வருஷத்து ஹஜ் இல்லை. அத்தனை வருஷம் காத்திருந்து, அத்தனை தூரம் வந்து, இன்னும் கொஞ்சத் தூரத்தில் அறபா இருக்க, நானா கட்டிலில் கிடந்தார்.

அந்த ஆஸ்பத்திரி விடுதியில் ஷீபா என்று ஒரு மலையாளத் தாதி இருந்தாள். உங்கள் வயதுப் பிள்ளை. என்னைச் "சேச்சி" என்று கூப்பிட்டாள். அவளுடைய மலையாளமும் என் தமிழும் பாதி பாதி கலந்து எப்படியோ விளங்கிக்கொண்டோம். ஹஜ்ஜின் முதல் கட்டமாக நாங்கள் மினாவுக்குப் புறப்பட வேண்டியதற்கு முதல் நாள் பின்நேரம், நோயாளரைப் பார்க்கிற நேரத்தில் நானும் லாத்தாவும் போனோம். ஷீபா என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"சேச்சி, இங்கே படுத்திருக்கிறவர்களை அறபாவுக்கு அம்புலன்ஸில் கொண்டுபோவார்கள். வருஷா வருஷம் போகும். டொக்டரும் கூட வருவார். உங்கள் ஆளைக் கொண்டுபோகலாம் என்று பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். இவர்தான் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். இன்றைக்குப் பெயர் கொடுக்காவிட்டால் பிறகு முடியாது."

நான் அப்படி ஒரு வசதி இருப்பதைக் கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் குழுவில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

ஹொட்டேலில் இருந்த எங்கள் குழு மௌலவிக்கு போன் எடுத்தேன். "மார்க்கம் அவரைக் கட்டாயப்படுத்தேல்ல மிஸி. சுகம் இல்லாத மனுஷன். வேண்டாமெண்டா விடுங்கோ, அல்லாஹ் மனசில உள்ள நிய்யத்தைப் பாப்பான்" என்றார். மன்னாரில் இருந்த றிஸ்வானுக்கு எடுத்தேன். அவன் அழுதான். "எங்களுக்கு வாப்பாட உயிர்தான் முக்கியம். அவரை அங்க இங்க இழுக்காதேங்கோ மிஸி. உங்களைக் கெஞ்சிக் கேக்கிறன்." லாத்தாவிடம் கேட்டால், "எனக்கென்ன தெரியும் மிஸி, நீங்கள் படிச்ச ஆள், நீங்கள் சொல்லுங்கோ" என்றா.

எல்லாரும் சொன்னது நியாயம்தான். நானும் நெஞ்சு வருத்தக்காரரை நிறையப் பார்த்தவள். அந்தச் சூடு, அந்த வாகன நெரிசல், அந்த இரைச்சல். வேண்டாம் என்று அவரே சொன்னது எனக்கும் உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. விடுதியில் மணி அடித்து, பார்க்க வந்தவர்களை வெளியே போகச் சொல்லத் தொடங்கினார்கள். "சரி, அப்ப விடுவம்" என்று சொல்ல வாய் திறந்த நேரம்தான் அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது.

லாத்தாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, ஷீபாவிடம் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"காதர் நானா, எது வேண்டாமெண்டு சொன்னனீங்கள்?"

அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வருத்தம் வந்ததில் இருந்து அவர் அதிகம் கதைக்கவில்லை. அன்றைக்குச் சொன்னார்.

"நான் அம்புலன்ஸில போனா அவ எங்க நிப்பா மிஸி? இந்த வாசல்லயே எனக்காகக் காத்துக்கொண்டு நிப்பா. அவவுக்கு ஒண்டும் தெரியாது. நான் இஞ்ச கட்டில்ல கிடந்தா நீங்கள் அவவைக் கூட்டிக்கொண்டு போவியள். அவவாவது முடிக்கட்டும்."

ஆனால் அன்று காலையிலேயே லாத்தா என்னிடம் சொல்லிவிட்டா, தான் மினாவுக்கு வரவில்லை என்று. "அவர் இஞ்ச கிடக்கேக்க நான் அங்க போய் நிண்டு அல்லாஹ்விட்ட என்னத்தைக் கேக்கிறது? நான் இவரோட இருக்கிறன்" என்று. அவருக்குச் சொல்ல வேண்டாம், நெஞ்சு கலங்கும் என்றும் கேட்டிருந்தா. இவர் அவவுக்காக விட்டுக்கொடுத்துக் கிடக்கிறார். அவ இவருக்காக விட்டுக்கொடுத்து வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறா. ஒரு சுவர்தான் நடுவில்.

சொல்வதா விடுவதா என்று யோசித்தேன். நோயாளிக்குக் கலக்கம் வரக் கூடாது என்பது சரி. ஆனால் தெரியாமல் எடுத்த முடிவை அவருடைய முடிவு என்று நான் எப்படி எழுதிக் கொடுப்பது? சொன்னேன்.

"நானா, நீங்கள் போகாட்டி லாத்தாவும் போகமாட்டாவாம். காலையில சொல்லிப்போட்டா."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"போகமாட்டாவாமா?"

"ஓம்."

அவர் கண்ணை மூடினார். பக்கத்தில் இருந்த மெசினையே பார்த்துக்கொண்டிருந்தேன், துடிப்பு ஏறுகிறதா என்று. ஏறவில்லை. கண்ணைத் திறந்தபோது அவருடைய குரல் தெளிவாக இருந்தது.

"அப்ப என்ர பேரைக் குடுங்கோ மிஸி."

நான் அவசரப்படவில்லை. அவருக்கு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். வழியில் எதுவும் நடக்கலாம். நடந்தால் லாத்தா பக்கத்தில் இருக்கமாட்டா. நானும் இருக்கமாட்டேன், குழுவில் இருக்கிற மற்றப் பெண்களை விட்டுவிட்டு வர எனக்கு ஏலாது. அங்கே போனாலும் நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் காணமாட்டீர்கள்.

அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"நான் எத்தினை வருஷம் கடலுக்குப் போனனான் மிஸி? ஒரு நாளாவது அவ பக்கத்தில இருந்தவவா?"

வெளியே வந்து லாத்தாவிடம் சொன்னேன். அவ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. பிறகு இரண்டு கேள்விதான் கேட்டா.

"அங்க இவரைக் காணலாமா?"

"இல்ல லாத்தா."

"ரெண்டு பேரும் ஒரே இடத்திலயா நிப்பம்?"

"ஒரே வெளிதான். எங்க நிண்டாலும் அது அறபா."

மகனோடு தானே கதைக்கிறதாகச் சொல்லி, போன் எடுத்துத் தரச் சொன்னா. நான் எடுத்துக் கொடுத்தேன். எது என்றாலும் மற்றவர் முகத்தைப் பார்க்கிற அந்த மனுஷி அன்றைக்குக் கதைத்த தொனியை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. "மகன், வாப்பா அறபாவுக்குப் போறார். நானும் போறன். நீ அழாம துஆக் கேள்."

ஷீபா நானாவின் பெயரைக் கொடுத்தாள். அம்புலன்ஸில் தானும் கூடப் போவதாகச் சொல்லி, என் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அறபா நாளைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது? போனால் தெரியும். வெள்ளையைத் தவிர வேறு நிறம் இல்லாத மாதிரி ஒரு வெளி. ராஜாவும் நிற்பார், எங்கள் ஊர் மீன் வாடிக்காரரும் நிற்பார், யார் யார் என்று கண்டுபிடிக்க ஏலாது. எத்தனையோ பாஷையில் எத்தனையோ லட்சம் வாய்கள் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் ஒரு இரைச்சல் மாதிரிக் காதில் விழாது. பூமிக்குள் இருந்து வருகிற மாதிரி, நிற்கிறவரின் உள்ளங்காலில் தெரியும். எத்தனை தடவை போனாலும் அந்த நேரத்தில் நான் தாதி என்பதே எனக்கு மறந்துபோகும். யாராவது மயங்கி விழுந்தால்தான் ஞாபகம் வரும். அதற்காகவும் தயாராகப் போங்கள்.

நபீசா லாத்தா கூடாரத்துக்குள் இருக்கவில்லை. வெளியே ஒரு வேப்ப மரம் நின்றது. அங்கே நிறைய வேம்புகள். அதன் கீழ், யாரையும் பிடித்துக்கொள்ளாமல் தனியாக நின்றா. அம்புலன்ஸ் சத்தம் கேட்கிற ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் திரும்புவா. பிறகு மறுபடியும் கைகளை ஏந்துவா. மத்தியான லுஹர் நேரம் போய், அஸர் நேரமும் போனது. ஷீபாவிடம் இருந்து தகவல் இல்லை. அவ்வளவு சனத்துக்குள் போன் வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. நானாவை நானே கொண்டுபோய் ஆபத்தில் விட்டுவிட்டேனோ என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டே இருந்தது. உங்களுக்கும் ஒரு நாள் மனம் அப்படி அடிக்கும். சரியான முடிவை எடுத்தவருக்கும் அடிக்கும். அதற்குப் பயந்து முடிவை மாற்றவோ, மற்ற நோயாளியை விட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கவோ கூடாது. நான் ஒரு பெண்ணுக்கு உப்புத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தேன்.

வெயில் சரியத் தொடங்கிய நேரம் போன் அடித்தது.

"சேச்சி, நாங்கள் உள்ளே வந்து நேரமாகிவிட்டது. லைன் கிடைக்கவில்லை. அவர் நன்றாக இருக்கிறார். எல்லையைத் தாண்டியதும் நாங்கள் சொன்னோம், அவருக்குத் தெரியும்."

ஓடிப்போய் லாத்தாவின் காதில் வைத்தேன். ஷீபா அந்தப் பக்கம் நானாவின் வாயருகில் வைத்திருக்க வேண்டும். நான் நின்ற இடத்துக்கே மெல்லக் கேட்டது. அவர் பெயர் சொல்லவில்லை, சுகம் கேட்கவில்லை. "லப்பைக், அல்லாஹும்ம லப்பைக்" என்று மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்துவிட்டேன் இறைவா, வந்துவிட்டேன் என்கிற அந்த வார்த்தை. லாத்தாவும் ஒன்றும் கேட்கவில்லை. தானும் சேர்ந்து சொன்னா. அவர் நிறுத்திய இடத்தில் அவ தொடர்ந்தா. லைன் அறுந்த பிறகும் போனைக் காதில் வைத்தபடி சொல்லிக்கொண்டே நின்றா. அந்த வெளியின் எந்த மூலையில் அந்த அம்புலன்ஸ் நின்றதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

பொழுது பட்டு மஃரிபு ஆன பிறகு எல்லாரும் அந்த வெளியை விட்டுக் கிளம்பினோம். அம்புலன்ஸ்களும் நோயாளரோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பின. பிறகு மினாவில் ஷைத்தானுக்குக் கல் எறிகிறபோது காதர் நானாவின் கற்களையும் லாத்தாதான் எறிந்தா. தன்னுடையதை எறிந்துவிட்டு, "இது இவருக்கு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எறிந்தா. ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பிவிட்ட பிறகு அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கஃபாவைச் சுற்றினோம். தள்ளுவதற்கு ஆள் பிடித்திருந்தோம், ஆனாலும் லாத்தா நாற்காலியின் பிடியில் இருந்து கையை எடுக்கவில்லை. வழி விடச் சொல்லி, அறபியா தமிழா என்று தெரியாத ஒரு பாஷையில் சனத்தைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டு முன்னால் போனதும் அவதான்.

நோயாளி எல்லாரையும் எப்படியாவது அறபாவுக்குக் கொண்டுபோங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறகொரு வருஷம் இன்னொரு பெண்ணுக்கு டொக்டர் மறுத்தார். நான் டொக்டரின் பக்கம் நின்றேன், அவவும் போகவில்லை. போகலாமா கூடாதா என்பதை டொக்டர் சொல்லட்டும். போக விருப்பமா இல்லையா என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும், அதுவும் எல்லாம் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். மணி அடித்தாலும், ஆட்கள் அவசரப்படுத்தினாலும், கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள்.

ஊருக்கு வந்து சில மாதம் கழித்து ஒரு பின்நேரம் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். காதர் ஹாஜியார் முற்றத்தில் கதிரையில் இருந்து மகனுடைய வலையில் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போகக் கூடாது என்று நான் சொன்னதைக் கேட்டு நடந்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டாவது. லாத்தா தேத்தண்ணி ஊற்றப் போயிருந்தா. நான் கேட்டேன், "நானா, அண்டைக்கு அம்புலன்ஸுக்குள்ள இருந்து என்னத்தைக் கண்டனீங்கள்?"

"ஒண்டும் காணேல்ல மிஸி. முகடு. சேலைன் போத்தல். பின்கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வச்சாங்கள், அதால ஒரு துண்டு வானம்."

வலையை மடியில் வைத்தார்.

"பக்கத்துக் கட்டில்ல ஒராள் கிடந்தார். என்னை விட வயசு. என்ன நாடெண்டு தெரியேல்ல, கதைச்ச ஒரு சொல்லும் விளங்கேல்ல. ரெண்டு பேருக்கும் கையில ஊசி, துஆவுக்கு ஏந்த ஏலாது. அவர் என்ர விரலைப் பிடிச்சார். பிடிச்சுக்கொண்டு தன்ர பாஷையில துஆக் கேக்கத் தொடங்கினார். அழுது அழுது கேட்டார் மிஸி. எனக்கு விளங்கேல்ல, நான் ஆமீன் சொன்னன். அவர் களைச்சு நிப்பாட்டினதும் நான் தொடங்கினன். நபீசாவுக்கு, பிள்ளையளுக்கு, கடல்ல நிக்கிற பொடியன்களுக்கு, எல்லாருக்கும் கேட்டன். தமிழில. அவர் ஒவ்வொண்டுக்கும் ஆமீன் சொன்னார்."

"பிறகு அவர்?"

"தெரியேல்ல. திரும்பி வந்து இறக்கேக்க அவரை வேற பக்கம் கொண்டுபோயிட்டாங்கள். பேர் கூடக் கேக்கேல்ல."

லாத்தா தேத்தண்ணியோடு வாசலில் நின்றதை நாங்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. "இதை எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லையே" என்றா.

அவர் அவவை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லத் தெரியேல்ல நபீசா. இப்பவும் தொழுதிட்டு இருக்கேக்க, அந்த மனுஷன் அண்டைக்குக் கேட்டதெல்லாம் கிடைக்கவேணும் எண்டு கேக்கிறன். அவர் என்னத்தைக் கேட்டாரெண்டு எனக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே."

லாத்தா தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டு, "ஆமீன்" என்றா.